முகம் வெளுக்காத ஒரு படம்

வன்னியில் பல வீடுகளின் முன்னறையில் ஒரு பெரிய படம் தொங்கும். மாலை போட்டிருக்கும், மேலே ஒரு சின்னக் குமிழ் எரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு காதும் தெரிய நேராகப் பார்க்கும் முகம், பின்னால் வெறும் ஒற்றை நிறம். அடையாள அட்டைக்கோ பாஸ்போட்டுக்கோ எடுத்த படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்திருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் நெஞ்சோடு பிடித்திருந்த படங்களிலும் இப்படிப்பட்டவை எத்தனையோ. போரில் வீட்டு அல்பங்கள் எப்படிப் போயின என்பதை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என் மனதை அரித்துக்கொண்டே இருப்பது அதற்குப் பிந்திய விஷயம். இன்றைக்கு வீட்டுக்கு இரண்டு மூன்று போன், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் படங்கள். அப்படியிருந்தும் ஒரு அப்பப்பா காலமானால், மரண அறிவித்தலுக்குக் கொடுக்க ஒரு நல்ல முகப்படம் தேடி அந்த வீடு அலைகிறது. கடைசியில் அகப்படுவது கலியாண வீட்டுக் கூட்டத்தில் இருந்து வெட்டியெடுத்த தலை. இல்லையென்றால் மறுபடியும் அடையாள அட்டை.

பாஸ்போட் அளவுப் படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கான் பண்ணினால் 413க்கு 531 புள்ளிகள் கிடைக்கும். அதையே 12 அங்குல அகலப் படமாக்கினால் அங்குலத்துக்கு 34 புள்ளிதான் மிஞ்சும். மீதியை மென்பொருள்தான் நிரப்ப வேண்டும். அப்போது தோல் வழவழவென்று ஆகிறது, மூக்கோரத்து மடிப்பு அழிகிறது, மச்சம் போய்விடுகிறது, முகம் இரண்டு மூன்று படி வெளுக்கிறது. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மூலப்படத்தில் இல்லாத இமை மயிரையும் பல் வரிசையையும் தாங்களே ஊகித்து வரைந்துவிடுகின்றன. படம் கூராகத்தான் இருக்கும், ஆனால் ஆள் அவரில்லை. கையில் அந்த ஒரு சின்னப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால், 1200 புள்ளியில் ஸ்கான் பண்ணி, 4×6 தாளில் நாலு பக்கமும் அகலமான வெள்ளை ஓரம் விட்டு, முகம் மூன்று அங்குலத்தைத் தாண்டாமல் அச்சடியுங்கள். அந்த அளவில் முகம் உண்மையாக நிற்கும். சுவரை நிரப்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் உயிரோடு விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டு இருக்கிற அம்மம்மாவுக்கு இந்த நிலைமை வரத் தேவையில்லை. அவருக்கு ஒரு நல்ல படம் எடுக்க விலை கூடிய கமரா வேண்டாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முற்றத்தில் இருந்து மூன்று அடி

எங்கள் ஆட்கள் படம் எடுக்க வெளிக்கிட்டால் முதலில் சொல்வது, "வெளிச்சத்துக்கு வாங்கோ" என்பதுதான். ஆளை முற்றத்துக்கு நடுவே கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவிடுவார்கள். பிலிம் காலத்தில் இருந்து வந்த பழக்கம் இது. நிழலில் எடுத்தால் படம் கறுத்துப்போகும் என்ற பயம் அப்போது நியாயமானதுதான், இப்போது அதற்குக் காரணமே இல்லை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஏறத்தாழ வட அகலாங்கு 9.3 பாகையில் இருக்கின்றன. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மதியம் 12 மணி கடந்து எட்டுப் பத்து நிமிடத்தில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்கே அது ஏறத்தாழ 45 பாகைக்கு ஏறிவிடுகிறது, பின்னேரம் மூன்று மணி தாண்டும்வரை அதற்குக் கீழே இறங்காது. அந்த ஆறு மணித்தியாலமும் வெளிச்சம் மேலே இருந்துதான் விழும். புருவ எலும்பின் நிழல் கண்குழியை மூடும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், நெற்றியும் கன்ன மேடும் எண்ணெய் பூசியதுபோல மின்னும். கண் கூசிச் சுருங்கும். கண்புரை உள்ள வயதானவர்களுக்கு அது வேதனையாகவே இருக்கும். வெள்ளை வேட்டியும் சட்டையும் வெளிறி நூலே தெரியாமல் போகும். கமரா அந்த வெள்ளையைக் காப்பாற்ற முயன்றால் முகம் கறுக்கும், முகத்தைக் காப்பாற்ற முயன்றால் வேட்டி போய்விடும்.

இனி அதே ஆளை, அதே போனோடு, அதே நிமிடத்தில் முற்றத்தில் இருந்து மூன்று அடி உள்ளே, விறாந்தைக்குக் கொண்டு வாருங்கள். இந்த மூன்று அடிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஏன் என்று விளங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாக வரும். வெயிலில் நிற்கும்போது வெளிச்சம் தருவது வானத்தில் ஒரு சின்னப் புள்ளி. விறாந்தைக்குள் வந்ததும் கூரை அந்தப் புள்ளியை மறைத்துவிடுகிறது. இப்போது வெளிச்சம் தருவது பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குத் திறந்திருக்கும் முகப்பும் அதற்கு வெளியே இருக்கும் வானமும் முற்றமும். வெளிச்சம் வரும் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். அது மேலே இருந்து வராமல் பக்கவாட்டில் வருவதால் கண்குழிக்குள்ளும் போகும். கருவிழியில் வெளி வானத்தின் வெள்ளைப் பொட்டு ஒன்று தெரியும். அந்தப் பொட்டு இருந்தால் பார்வைக்கு உயிர் வரும். அது தெரியவில்லை என்றால் ஆள் தவறான இடத்தில் இருக்கிறார்.

கூரை விளிம்பில் இருந்து இரண்டு மூன்று அடி உள்ளே இருத்துங்கள். விளிம்புக்கு நேர்கீழே இருத்தினால் மேல்வெளிச்சம் இன்னும் தலையில் விழும். ஆறு ஏழு அடிக்கு மேல் உள்ளே போனால் வெளிச்சம் சோர்ந்து, படத்தில் மணல்மணலாகப் புள்ளி கட்டும். சரியான இடம் எது என்று சந்தேகமாக இருந்தால் அவர் முகம் இருக்கப்போகும் உயரத்தில் உங்கள் கையை முட்டியாகப் பொத்திப் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரல் கணுக்களின் நிழல் எந்த இடத்தில் மெதுவாகக் கரைகிறதோ அங்கேதான் முகமும் நன்றாக விழும்.

அடுத்தது எடுப்பவர் நிற்கும் இடம். பலர் ஆளை விறாந்தையில் இருத்திவிட்டுத் தாங்கள் முற்றத்தில் நின்று எடுக்கிறார்கள். வெளிச்சம் அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து நேராக முகத்தில் அடிக்கும். மூக்குக்கும் கன்னத்துக்கும் வேறுபாடு தெரியாமல் முகம் தட்டையாகும், உங்கள் உருவமே அவர் கண்ணுக்குள் கறுப்பாகத் தெரியும். நீங்களும் விறாந்தைக்கு உள்ளே வந்து, அதன் நீளப்பாட்டில் நில்லுங்கள். முற்றம் உங்களுக்கு ஒரு கைப்பக்கமாக வரட்டும். அவரைத் தோள் முற்றத்தை நோக்கி அரைவாசி திரும்ப இருத்தி, முகத்தை மட்டும் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இப்போது ஒரு கன்னம் வெளிச்சத்தில், மற்றது மெல்லிய நிழலில் இருக்கும். முகத்துக்கு எலும்பும் தசையும் வந்துவிடும். நிழல் பக்கம் மிகவும் இருண்டால் அந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு வெள்ளை வேட்டியையோ ரெஜிபோம் தட்டையோ பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டக் கொண்டுவந்தால் நிழல் இளகும், தூரப் போனால் இறுகும். நிழலை முழுவதும் அழித்துவிடாதீர்கள்.

எங்கள் மண்ணையும் மறக்கக்கூடாது. செம்மண் முற்றத்தில் காலை வெயில் பட்டால் அது செம்மஞ்சளாகக் கீழேயிருந்து தெறிக்கும். கண்குழியை நிரப்புவதால் அது உதவிதான். ஆனால் நாடிக்குக் கீழேயும் மூக்குத் துளையைச் சுற்றியும் ஒரு செங்கல் நிறம் ஏறிவிடும், பிறகு கணினியில் அதை எடுப்பது பெரும்பாடு. வெள்ளை உரப்பைகள் நாலைந்தைக் கிழித்து விரித்து விறாந்தைக்கு முன்னால் போட்டால் தெறிப்பு வெள்ளையாகும், வெளிச்சமும் கூடும். நீலத் தறப்பாளின் கீழ் எடுத்தால் முகம் நோயாளியின் முகமாகிவிடும், அதன் கீழ் இருத்தவே வேண்டாம். மாமரத்தடி, வேப்பமரத்தடி நிழல் கண்ணுக்குக் குளிர்ச்சி, தோலுக்குப் பச்சை. இலை இடுக்கால் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் தேமல்போலப் படியும். மரத்தடிதான் கிடைத்த இடம் என்றால் நிழலின் நடுவை விட்டு, அதன் ஓரத்துக்கு வந்து வெட்டவெளியைப் பார்க்க இருத்துங்கள். வீட்டுச்சுவர் கடும்பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் அந்தச் சுவரில் இருந்து நாலைந்து அடி முன்னால் வரச் சொல்லுங்கள். அந்த இடைவெளி நிறத்தெறிப்பைக் குறைக்கும், பின்னணியையும் மங்கலாக்கும்.

பின்னணிக்குத் திறந்த வாசற்கதவின் இருட்டு நல்லது. கறுத்த முடி மட்டும் அந்த இருட்டோடு கலந்து தலையின் ஓரமே தெரியாமல் போகலாம். அப்படியென்றால் பின்கதவையோ பக்க யன்னலையோ திறந்துவிடுங்கள். அங்கிருந்து வரும் சிறு வெளிச்சம் தோளிலும் முடியிலும் ஒரு கோடு போடும்.

கறுப்பைக் கறுப்பாக எடுப்பது

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இதைத்தான். எங்கள் படங்களில் எங்கள் நிறம் இல்லை. கலர் பிலிமின் காலத்தில் இருந்தே இதற்கு ஒரு வரலாறு உண்டு. கொடாக் நிறுவனம் தன் அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. பல பதிற்றாண்டுகள் அந்தத் தோல்தான் அளவுகோல். கறுத்த தோலின் நுட்பங்கள் அதில் வரவில்லை என்ற முறைப்பாடு இருந்தும் நெடுங்காலம் மாறவில்லை. பிலிமில் கபில நிறங்கள் மேம்பட்டதற்கு, சொக்லேற்றையும் மரத் தளபாடங்களையும் விளம்பரம் செய்த கம்பனிகளின் முறையீடும் ஒரு காரணம் என்று பிறகு அங்கே வேலைசெய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2021 இல் வந்த பிக்சல் 6 போனுக்குக் கறுத்த தோலைச் சரியாக எடுக்கும் என்று கூகிள் தனியாக விளம்பரம் செய்தது. அது தனியாகச் சொல்ல வேண்டிய சிறப்பாக 2021 வரை இருந்தது என்பதையே நான் கவனிக்கிறேன். இன்றைய கமராவுக்கும் போனுக்கும் எங்கள் தோலை எடுக்கும் ஆற்றல் தாராளமாக உண்டு. குழப்பம் வருவது வெளிச்சத்தை அளவெடுப்பதிலும் பிறகு நாங்கள் செய்யும் வெளுப்பிலும்தான்.

கமராவின் ஒளிமானிக்கு ஆள் யார் என்று தெரியாது. படச்சட்டத்துக்குள் வருவதை எல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிரப்பி, பின்னால் இருட்டு வாசலும் இருந்தால், எல்லாமே இருள் என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெளிறி, களிமண் காய்ந்த மாதிரி ஆகும். அப்போது மூன்றில் இரண்டு படியில் இருந்து ஒரு படி வரை குறைக்க வேண்டும் (ஒரு படி கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி). பின்னால் வெள்ளைச் சுவரோ வெயில் முற்றமோ இருந்தால் நடப்பது இதற்கு மறுபக்கம். கமரா வெளிச்சத்தைக் குறைத்து, முகம் கரியாகும். அங்கே ஒரு படி, சிலவேளை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். "கறுப்பு ஆள் என்றால் வெளிச்சத்தைக் கூட்டு" என்று ஒரே விதியாகச் சொல்லித் தருவது பிழை. பின்னணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். புள்ளி அளவெடுப்பு இருக்கும் கமராவில் வெளிச்சம் படும் கன்னத்தை மட்டும் அளந்து, அது காட்டுவதில் இருந்து முக்கால் படி, ஒரு படி குறைத்து எடுங்கள். அடர்ந்த கபிலத் தோல் அதன் இடத்தில் வந்து உட்காரும். வேட்டியோ வெள்ளைச் சேலையோ இருந்தால் திரையில் பெருப்பித்துத் துணியின் இழை தெரிகிறதா என்று பாருங்கள். நெற்றியில் விபூதி இருந்தால் அதையும் பாருங்கள், முகத்தில் முதலில் வெளிறுவது அந்தக் குறிகள்தான். இழை தெரியும் மட்டத்தில் எடுத்துவிட்டு முகத்தைப் பிறகு அரைப்படி தூக்கலாம். வெளிறிப்போன வெள்ளையை ஒருவராலும் மீட்க முடியாது.

வெளுத்த தோலில் முகத்தின் அமைப்பைக் காட்டுவது நிழல். கறுத்த தோலில் அதைக் காட்டுவது பெரும்பாலும் மினுக்கம். கன்ன எலும்பிலும் மூக்குத்தண்டிலும் தாடையோரத்திலும் வெளிச்சம் அகலமாகப் பட்டுத் தெறிக்கும் அந்த மென்மினுக்கம்தான் முகத்தைச் செதுக்குகிறது. விறாந்தை வெளிச்சம் எங்களுக்குப் பொருந்துவதன் காரணமும் இதுவே. அகன்ற வெளிச்சம் அகன்ற மினுக்கத்தைத் தரும். சூரியனும் பிளாஷும் சின்ன மூலங்கள், அவை நெற்றியில் இரண்டு வெள்ளைப் பொட்டு மட்டும் போடும். ஆகவே கமரா பிளாஷை நிறுத்திவிடுங்கள். படம் எடுக்க முதல் முகத்துக்குப் பவுடர் போடும் எங்கள் பழக்கத்தையும் விட வேண்டும். பவுடர் அந்த மினுக்கத்தைக் கொன்று தோலைச் சாம்பல் பூத்ததாக்கும், கழுத்து வேறு நிறம் முகம் வேறு நிறம் என்று பிரித்துக் காட்டும். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, வியர்வையைப் பருத்தித் துவாயால் ஒற்றி எடுத்தால் போதும். கையும் படத்தில் வருவதென்றால் புறங்கையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவலாம். மண் வேலை செய்த கையின் வரிகள் அப்போது தெளிவாக வரும்.

திருத்தும்போது எடுக்கலாம் என்று நான் நினைப்பவை: அன்றைக்கு வந்த பரு, ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை, பின்னால் தொங்கும் வயர். எடுக்கக்கூடாதவை: சுருக்கம், மச்சம், தழும்பு, நிறம். பொட்டு வைக்காத அம்மாவுக்குப் பொட்டு வரைவதும் இதற்குள் அடங்கும். நிறம் மாறிவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி, அதே படத்தில் இருக்கும் கையை முகத்தோடு ஒப்பிடுவது. ஸ்ரூடியோவில் முகத்தை வெளுப்பவர்கள் கையை மறந்துவிடுவார்கள். ஸ்ரூடியோக்காரரிலும் முழுப் பழியைப் போட முடியாது, "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ தம்பி" என்று கேட்பது வாடிக்கையாளர். கேட்பதை நிறுத்துங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போதே "திருத்தம் ஒண்டும் வேண்டாம், நிறத்தில கை வைக்காதேங்கோ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அச்சு இயந்திரத்தின் தானியங்கித் திருத்தமே வேலையைக் காட்டிவிடும்.

போனும் கமராவும்

கிரவல் ரோட்டுத் தூசியும் சட்டைப்பையின் வியர்வையும் ஏறிய லென்ஸ்தான் இங்கே மங்கல் படங்களுக்கு முதற் காரணம். பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அழகாக்கும் வசதியைத் தேடிப்பிடித்து முற்றாக நிறுத்துங்கள். சில போன்களில், முக்கியமாக முன்கமராவில், அது வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும்.

கிட்டப் போய் எடுப்பதுதான் பெரிய பிழை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். அரை மீற்றர் தூரத்தில் போனைப் பிடித்தால், காதோடு பார்க்க மூக்கு ஏறத்தாழ 24 வீதம் பெரிதாக விழும். இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் அது 6 வீதம்தான். முகத்தைக் கோணலாக்குவது தூரம்தான், லென்ஸ் இல்லை. அதனால் இரண்டு மீற்றர் தள்ளி நின்று 2 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுங்கள். முகத்தில் வெளிச்சம் படும் பக்கத்துக் கண்ணைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டப்படும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுத்து, வேட்டியின் இழை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னணியை மங்கலாக்கும் போட்ரெயிற் முறை கொண்டைப் பூவையும் மூக்குக்கண்ணாடிக் காலையும் பறக்கும் நரைமயிரையும் வெட்டித் தின்னும். அதைப் பாவித்தே ஆக வேண்டுமென்றால் மங்கலைக் குறைத்து வையுங்கள், அது இல்லாமல் ஒன்றும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

கமரா வைத்திருப்பவர்களுக்கு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போதும். சின்ன உணரி கொண்ட கமராவில் அது 75, 80 மி.மீ. போல வேலை செய்யும். ஆனால் 1.8 இலேயே, அதாவது லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து, எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒன்றரை மீற்றரில் கூராக இருக்கும் ஆழம் அப்போது 6 சென்ரிமீற்றர்தான். கண் கூராகவும் காது கரைந்தும் போகும், தலை கொஞ்சம் திரும்பினால் மறு கண்ணும் போய்விடும். எஃப்/4 இல் அது 13, 14 சென்ரிமீற்றர், ஒரு முகத்துக்குக் கணக்கான ஆழம். ஷட்டர் வேகம் 1/200 செக்கன், தலை நடுங்கும் முதியவர்களுக்கு 1/250, பிள்ளைகளுக்கு 1/500. ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன்) 400 இல் தொடங்கி, இருட்டினால் 1600 வரை பயப்படாமல் கூட்டுங்கள். நடுக்கத்தால் மங்கிய படத்தை விடப் புள்ளி கட்டிய படம் எவ்வளவோ மேல். வெள்ளை வெள்ளையாக வர நிறத்தைச் சரிக்கட்டும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் செம்மண்ணையும் பச்சைச் சுவரையும் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நிறம் தரும். 5600 கெல்வினில் நிலைப்படுத்தி, முதல் படத்தில் அவர் கையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கக் கொடுத்து எடுத்துவிடுங்கள், பிறகு அதை வைத்துச் சரிக்கட்டலாம்.

இருத்துவதும் கதைப்பதும்

கமரா வந்தால் எங்கள் முதியவர்கள் எழுந்து, கையை உடம்போடு ஒட்டி, விறைத்து நிற்பார்கள். பதிவு, அட்டை, விண்ணப்பம் என்று எடுக்கப்பட்ட படங்கள் பழக்கிவிட்ட நிற்கை அது. உதவிப்பொதியைக் கையில் கொடுத்து, கொடுப்பவரைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படங்களும் அதில் சேர்ந்தவை. ஒரு மனிதரின் ஆகக் கிடைக்கும் ஒரே தெளிவான படம் அரிசி மூட்டையோடு நிற்கும் படமாக இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் வீட்டுக்குள் எடுக்கும் படத்தில் தேர்வை அவரிடம் கொடுங்கள். எந்தச் சேலை, எந்த இடம், கண்ணாடியோடா இல்லாமலா என்று கேளுங்கள். செயற்கைக் கால் உள்ளவரிடம், காயத் தழும்பு உள்ளவரிடம், அது படத்தில் வர வேண்டுமா என்று நேரே கேளுங்கள். நீங்களாகவே மறைப்பதும் நீங்களாகவே காட்டுவதும் ஒரே அளவு தவறு. பிறகு அந்தப் படத்தை முகநூலில் போடலாமா என்பது தனிக் கேள்வி, அதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். அதன் முதுகு தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும், கைப்பிடி தோளை மேலே தூக்கும். ஒரு வாங்கு அல்லது ஸ்டூல் நல்லது, அதன் முன் ஓரத்தில் இருக்கச் சொன்னால் முதுகு தானாக நிமிரும். முடியாதவர்களை அவர்கள் வழக்கமாக இருக்கும் சாய்மனைக் கதிரையிலேயே விடுங்கள், அது அவர்களுடைய படம். நீங்கள் முழங்காலில் இருங்கள். லென்ஸ் அவர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் நெற்றி பெருத்து, ஆள் குறுகி, கீழே இருந்து இரப்பவர் போன்ற பார்வை வந்துவிடும். மூக்குக்கண்ணாடியில் முற்றம் பளபளத்தால் கழற்றச் சொல்லாமல், அதன் கால்களைக் காதில் இருந்து ஒரு விரற்கடை மேலே தூக்கி வையுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சரிந்து பளபளப்பு போய்விடும்.

"சிரியுங்கோ" என்று சொன்னால் பல் தெரியும், முகம் தெரியாது. "அம்மம்மா, நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ", "கண்ணை மூடுங்கோ, நான் மூன்று சொன்னதும் திறவுங்கோ" என்ற அளவில் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். இமை திறந்த அடுத்த கணத்தில் முகம் இறுக்கமில்லாமல் இருக்கும். முதற் பத்துப் படம் பழகுவதற்கு என்று விட்டுவிடுங்கள். பிறகு காணியைப் பற்றி, மாட்டைப் பற்றி, முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணி வந்ததா என்பதைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்லும்போது வாய் அசைந்து கோணும், அப்போது எடுக்க வேண்டாம். பதில் முடிந்து வாய் மூடி, சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பார். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். சிரிக்காத முகத்தைக் குறையாக நினைக்காதீர்கள்.

மாதமும் கரையும்

ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் எங்கள் தலைக்கு வடக்குப் பக்கமாகப் போகும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. மார்கழியில் மதியத்திலும் 60 பாகைக்கு மேல் ஏறாது. அதனால் தெற்குப் பார்த்த விறாந்தைக்குள் அப்போது வெயில் நீளமாக விழும், வடக்குப் பார்த்தது நாள் முழுக்க நிழலாக இருக்கும். கிழக்குப் பார்த்த வீடென்றால் பின்னேரம், மேற்குப் பார்த்த வீடென்றால் காலை. சோளகக் காலத்தில் காற்றும் தூசியும் எழும்ப முதல், எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். மாரியின் மூடிய வானம் மென்மையானதுதான், ஆனால் அதுவும் மேலே இருந்துதான் வெளிச்சம் தரும். அப்போதும் முற்றத்தை விட விறாந்தையே நல்லது. எல்லோரும் வீட்டில் இருந்து, மனமும் ஆறியிருக்கும் காலம் காலபோக அறுவடை முடிந்த பிறகு.

முல்லைத்தீவுக் கரையில் கடல் கிழக்கே. அங்கே எல்லோரும் காலையில் சூரியனோடு மல்லுக்கட்டுகிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள். சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியிருக்கும். ஆளைக் கடலைப் பார்க்க இருத்தினால் கடல்வானம் முழுவதும் ஒரே பெரிய மென்வெளிச்சமாகும், வெண்மணல் கீழேயிருந்து நிரப்பும்.

அச்சு

போனில் இருக்கும் படம் போனோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்குச் சுருங்கும், அதில் ஒழுங்காக அச்சடிக்கக்கூடியது ஐந்து அங்குலம்தான். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலம் குறையாமல் போகும். கமராப் படம் 8×12 தாளுக்கு வெட்டாமல் பொருந்தும், போன் படம் 6×8 க்குப் பொருந்தும். 8×10 கேட்டால் எதை வெட்டப்போகிறார்கள் என்று முதலே பாருங்கள், பெரும்பாலும் கைதான் போகும். பிறேம் போடும்போது படம் கண்ணாடியில் முட்டாமல் நடுவே அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். முட்டினால் மாரி ஈரத்தில் ஒட்டிப்பிடித்து, கழற்றும்போது முகம் கண்ணாடியோடு உரிந்து வரும். பின்பக்கத்தைக் காற்றுப் போகாமல் நாடாவால் மூடுங்கள். கறையான் வழமையாக அந்த வழியால்தான் ஏறும். வெயில் நேரே விழும் சுவரிலும் மழை ஊறும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.

இரண்டு அச்சு எடுங்கள். ஒன்று சுவருக்கு. மற்றதன் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், மாதம், ஆண்டு எழுதி, உறையில் போட்டு உறுதிப் பத்திரங்களோடு வையுங்கள். பென்சில் பிடிக்காத வழவழப்புத் தாளென்றால் உறையில் எழுதுங்கள், பேனையால் அழுத்தி எழுதினால் கோடு முன்பக்கம் தெரியும். மூலக் கோப்பை வன்னிக்கு வெளியே, கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் ஒரு பிள்ளையிடம் அனுப்பி, கிடைத்ததா, திறக்கிறதா என்று அன்றைக்கே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.